எந்த ராட்டை வாங்கலாம்? வீட்டில் நூற்க நினைப்பவர்களுக்கு ஓர் ஒப்பீடு

கையால் செய்த ராட்டை ஒன்றை வாங்கி வீட்டில் நூற்க ஆசைப்படுகிறவர்கள் முதலில் கேட்பது, "தேக்கா, மாமரமா? என்ன விலை?" என்பதுதான். அதற்கு முன்னால் கேட்க வேண்டியது ஒன்று இருக்கிறது. எந்த இழையை, எவ்வளவு மெல்லிய நூலாக நூற்கப் போகிறீர்கள்? இதற்குப் பதில் தெரிந்துவிட்டால் கண்முன் இருக்கும் வகைகளில் பாதி தானாகவே விலகிவிடும். பதில் தெரியாமல் வாங்கிய ராட்டை எவ்வளவு அழகாக இருந்தாலும் கொஞ்ச நாளில் அலமாரியின் மேல் ஏறிவிடும்.

இழையின் நீளத்தில்தான் எல்லாம் தொடங்குகிறது. நம் கரிசல் மண்ணில் விளைந்த கருங்கண்ணி போன்ற நாட்டுப் பருத்தியில் ஓர் இழை ஓர் அங்குலம்கூட இருக்காது. கோயம்புத்தூரில் உருவாக்கப்பட்ட சுவின் போன்ற நீண்ட இழை ரகத்திலும் ஒன்றரை அங்குலத்தை ஒட்டித்தான் வரும். ஆட்டு ரோமம் மூன்று, நான்கு அங்குலம் சாதாரணமாக இருக்கும். குட்டையான இழைகள் ஒன்றையொன்று பிடித்துக்கொள்ள முறுக்கு நிறைய வேண்டும். நீளமான இழைக்குக் கொஞ்சம் முறுக்கு போதும். மெல்லிய நூலுக்கு இன்னும் அதிகம் வேண்டும்.

20 நம்பர் நூலை எடுத்துக்கொள்வோம். ஒரு பவுண்டு எடையில் 840 கெஜம் கொண்ட சிட்டங்கள் (நூல் சுருள்கள்) 20 இருந்தால் அது 20 நம்பர். கையால் நூற்பவர்களுக்கு இது நல்ல இலக்கு, துண்டு நெய்யலாம், சட்டைத் துணியும் நெய்யலாம். இந்த நூலைப் பாவுக்கு, அதாவது தறியில் நீளவாக்கில் கட்டும் நூலுக்கு, தாங்கும்படி நூற்க, அங்குலத்துக்கு ஏறக்குறைய 18 முறுக்கு ஏற வேண்டும். ஸ்வெட்டர் பின்னும் தடித்த கம்பளி நூலுக்கோ அங்குலத்துக்கு நாலைந்து முறுக்கே போதும்.

இப்போது ராட்டையைப் பாருங்கள். சக்கரம் ஒரு சுற்று சுற்றினால், நூலை முறுக்கும் கம்பியான கதிர் எத்தனை சுற்று சுற்றுகிறது என்பதுதான் அதன் வேகம். காலால் மிதித்து ஓட்டும் மேலைநாட்டு மிதி ராட்டைகளில் இது பெரும்பாலும் 5 முதல் 20 வரை இருக்கும். பெட்டிக்குள் மடங்கும் நம் பெட்டி ராட்டையில் இரண்டு சக்கரங்கள் ஒன்றையொன்று ஓட்டுவதால் ஐம்பதைத் தாண்டி நூறு வரைகூடப் போகும். வேகம் 10 உள்ள மிதி ராட்டையில் 20 நம்பர் பருத்தி நூற்றால் ஓர் அங்குல நூலுக்கு இரண்டு சுற்று மிதிக்க வேண்டும். வேகம் 80 உள்ள பெட்டி ராட்டையில் ஒரே சுற்றுக்கு நாலு அங்குலத்துக்கு மேல் நூல் வரும். என்ன மரம், என்ன மெருகு என்பதெல்லாம் இந்தக் கணக்குக்குப் பிறகு பேச வேண்டியவை.

முதலில் தக்ளி

ராட்டை பற்றிய கட்டுரையில் தக்ளி எதற்கு என்று தோன்றலாம். ஆனால் ராட்டைக்குச் செலவு செய்யும் முன் ஒரு தக்ளியை வாங்கிப் பழகுங்கள் என்றுதான் எல்லோருக்கும் சொல்வேன். ஒரு மெல்லிய கம்பி, அடியில் ஒரு பித்தளை வட்டு, தாங்குவதற்கு ஒரு சிரட்டையோ சிறு கிண்ணமோ, அவ்வளவுதான். கைத்தொழிலோடு பாடம் சொல்லித்தந்த ஆதாரக் கல்வி நடந்த பள்ளிகளில் படித்த பெரியவர்களுக்கு இது நன்றாக நினைவிருக்கும். உங்கள் வீட்டிலேயே நூற்கத் தெரிந்த தாத்தாவோ பாட்டியோ இருக்கலாம், கேட்டுப் பாருங்கள்.

தக்ளியில் நூற்பது மெதுவாகத்தான் போகும். ஆனால் பஞ்சு விரலுக்குள் எப்படி நழுவுகிறது, எவ்வளவு முறுக்கு ஏறியதும் நூல் பிடித்துக்கொள்கிறது, எந்த இடத்தில் அறுகிறது என்பதையெல்லாம் இது கைக்குக் கற்றுக்கொடுத்துவிடும். அசாமில் எரி என்ற பட்டு வகையை இன்றும் தக்ளியில் நூற்கிறார்கள். தக்ளியோடு சில வாரம் இருந்தும் ஆசை குறையவில்லை என்றால் ராட்டைக்குப் போங்கள். தொடக்கத்திலேயே சலிப்பு வந்துவிட்டால் பெரிய செலவும் மிச்சம்.

பெட்டி ராட்டையும் புத்தக ராட்டையும்

பருத்திதான் நூற்கப் போகிறீர்கள் என்றால் உண்மையான போட்டி இந்த இரண்டுக்கும் இடையில்தான். எரவாடா சிறையில் இருந்த காலத்தில் காந்தி, எளிதில் தூக்கிச் செல்லும்படி மடங்கும் ராட்டையில் மிகுந்த அக்கறை காட்டினார். பெட்டி ராட்டைக்கு எரவாடா சர்க்கா என்ற பெயரே நிலைத்துவிட்டது. அவர் எரவாடாவில் பயன்படுத்திய ஒரு ராட்டையை ஃப்ளாய்ட் பஃபர் என்ற அமெரிக்க மிஷனரிக்குப் பரிசாகக் கொடுத்திருந்தார். 2013-இல் பிரிட்டனில் அது ஏலத்துக்கு வந்து 1,10,000 பவுண்டுக்குப் போனது. அதே அமைப்பில் ஒரு தச்சர் இன்று செய்து கொடுக்கும் ராட்டை சில ஆயிரம் ரூபாய்க்குக் கிடைக்கிறது என்பது எனக்கு இன்னமும் பெரிய மகிழ்ச்சி.

பெட்டியைத் திறந்தால் உள்ளே ஒரு பெரிய சக்கரம், அதில் கைப்பிடி. பெரிய சக்கரத்திலிருந்து ஒரு கயிறு சிறிய சக்கரத்தின் நடுவில் உள்ள உருளைக்குப் போகிறது. சிறிய சக்கரத்தின் விளிம்பிலிருந்து இன்னொரு கயிறு கதிருக்குப் போகிறது. சிறிய சக்கரம் ஒரு ஸ்பிரிங்கின் மேல் உட்கார்ந்திருப்பதால் கயிறு தளராமல் இருக்கும். கதிர்களைக் கழற்றிப் பெட்டிக்குள் வைக்க இடம் உண்டு. சிட்டம் சுற்றும் சட்டமும் பல பெட்டிகளில் சேர்ந்தே வரும். மூடினால் கைப்பிடியைப் பிடித்துத் தூக்கிக்கொண்டு போகலாம்.

புத்தக ராட்டையும் இதே இயக்கம்தான். மூடினால் ஒரு தடித்த புத்தகத்தின் அளவு, பைக்குள் அடங்கிவிடும். ரயிலிலும் நூற்கலாம். ஆனால் சிறிதாக்கியதற்கான விலையை அது மூன்று இடத்தில் வாங்கிக்கொள்கிறது. சக்கரங்கள் சின்னவை என்பதால் கயிறு கொஞ்சம் தளர்ந்தாலும் வழுக்கும். கதிர் குட்டை என்பதால் சீக்கிரம் நிரம்பிவிடும், அடிக்கடி நிறுத்திச் சிட்டமாகச் சுற்ற வேண்டும். எடை குறைவு என்பதால் வேகமாகச் சுற்றும்போது பலகையே நகரும். அடியில் ஒரு ரப்பர் விரிப்பைப் போட்டால் நகர்வது நிற்கும். மற்ற இரண்டுக்கும் வழியில்லை.

என் தீர்ப்பு இதுதான். ஒன்றே ஒன்று வாங்குவதென்றால் பெட்டி ராட்டை வாங்குங்கள். வெளியூர்ப் பயணமே வாழ்க்கையாக இருப்பவர்கள் மட்டும் புத்தக ராட்டையை முதல் ராட்டையாக எடுக்கலாம். மற்றவர்களுக்கு அது நல்ல இரண்டாவது ராட்டை.

இரண்டிலும் நூற்கும் முறை ஒன்றே, அதில்தான் இன்பமும் இருக்கிறது. வலது கை கைப்பிடியைச் சுற்ற, இடது கை, நூற்பதற்கென்று உருட்டிய பஞ்சுப் பட்டையைக் கதிரின் நுனியிலிருந்து மெல்லப் பின்னால் இழுக்கும். கை எட்டும் தூரம் வரை நூல் நீண்டதும் இழுப்பதை நிறுத்தி இன்னும் கொஞ்சம் முறுக்கு ஏற்ற வேண்டும். பிறகு சக்கரத்தைச் சற்றே பின்னோக்கித் திருப்பி, நுனியில் இருக்கும் சுற்றைக் கழற்றிவிட்டு, நூலைக் கதிரின் மேல் சுற்றிக்கொள்ள வேண்டும். இந்த வரிசை கைக்குப் படிந்துவிட்டால் மனம் தானாக அடங்கும். தடிப்பாக வந்த இடம்கூட இழுக்க இழுக்க மெலிந்து சமமாவதைப் பார்த்துக்கொண்டே இருக்கலாம்.

இடது கைப் பழக்கம் உள்ளவர்கள் தங்களுக்கென்று திருப்பி அமைத்த ராட்டை வேண்டுமோ என்று கேட்கிறார்கள். தேவையில்லை என்பேன். நுணுக்கமான வேலையெல்லாம் பட்டையை இழுக்கும் இடது கைக்குத்தான், வலது கை சும்மா சுற்றுகிறது. அவர்களுக்கு இது வசதி.

மூட்டு வலிக்காரர்களுக்கு ஒரு வார்த்தை. தரையில் உட்கார்ந்துதான் நூற்க வேண்டும் என்று விதி எதுவும் இல்லை. நாற்காலியில் உட்கார்ந்து, பெட்டி ராட்டையைத் தொடை உயரத்துக்கு ஒரு ஸ்டூலில் வைத்துக்கொள்ளுங்கள். இடது கை பின்னால் போகத் தடையில்லாத இடமாக இருந்தால் போதும்.

நிமிர்ந்து நிற்கும் பெரிய ராட்டை

படங்களில் பார்க்கும் ராட்டை இதுதான். நிமிர்ந்த பெரிய சக்கரம், எதிர் முனையில் ஒரு கதிர். பழைய கிராமத்து ராட்டைகளில் சக்கரத்துக்கு மர விளிம்பே இருக்காது. இரண்டு வரிசை ஆரங்களின் நுனிகளை மாற்றி மாற்றிக் கயிற்றால் இழுத்துக் கட்டியிருப்பார்கள், அந்தக் கயிற்று வலையின் மேல்தான் ராட்டைக் கயிறு ஓடும். செய்வதற்கு எளிது, பழுது பார்க்கவும் எளிது. கயிறு தொய்ந்தால் அவிழ்த்து இழுத்துக் கட்டலாம், ஆணிகூட வேண்டாம்.

நூற்பதற்கு இது பெட்டி ராட்டையைவிட நிதானமானது. சக்கரம் பெரிது என்பதால் சுழற்சி சீராக இருக்கும், கையில் உதறல் தெரியாது. ஆனால் நிரந்தரமாக ஓர் இடம் கொடுக்க வேண்டும், தரையில் உட்கார வேண்டும். தனி வீடும் திண்ணையும் இருப்பவர்களுக்கு இதைத் தயங்காமல் சொல்வேன். இரண்டு அறை வாடகை வீட்டுக்கு வேண்டாம். இன்னொன்று: அலங்காரத்துக்கென்று செய்து விற்கும் பெரிய ராட்டைகள் ஏராளம். கதிர் இருக்க வேண்டிய இடத்தில் ஒரு தடித்த ஆணியோ மரக்குச்சியோ இருந்தால் அது நூற்கிற ராட்டை இல்லை.

மிதி ராட்டை

காலால் மிதித்து இரண்டு கையாலும் இழைக்கும் ஐரோப்பிய வகை இது. நூலை முறுக்கும் வேலையும் சுற்றும் வேலையும் ஒரே நேரத்தில் நடக்கும். நியூசிலாந்தில் 1934-இல் தொடங்கிய ஆஷ்ஃபோர்டு நிறுவனத்தின் ராட்டைகள் உலகம் முழுக்கப் போகின்றன. அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் தனியாகப் பட்டறை வைத்து ஒவ்வொன்றாகக் கடைந்து செய்யும் தச்சர்களும் இருக்கிறார்கள். கம்பளி நூற்பவருக்கு இதைவிடச் சுகமான கருவி கிடையாது. சக்கரம் சுற்றும் வேலை கைகளுக்கு இல்லாததால் வண்ணம் கலக்கலாம், தடிப்பை மாற்றி மாற்றி வேடிக்கையான நூல் செய்யலாம், இரண்டு மூன்று இழைகளைச் சேர்த்து முறுக்குவதும் சுலபம்.

நம் ஊருக்கு வரவழைத்தால் கப்பல் செலவும் சுங்கமும் சேர்ந்து அரை லட்சத்தைத் தாண்டிவிடும். பணம் இருந்தாலும் கேள்வி அதேதான்: கம்பளி நூற்கப் போகிறீர்களா? நீலகிரி ஆடு என்று நமக்கே மென்மையான ரோமம் தரும் இனம் ஒன்று உண்டு. ஊட்டிக்கு அருகே சாண்டிநல்லாவில் அதற்கு ஆராய்ச்சி நிலையமும் இருக்கிறது. குன்னூர், கோத்தகிரிப் பக்கம் இருந்துகொண்டு கம்பளி நூற்றுத் தொப்பியும் சால்வையும் பின்ன நினைத்தால் மிதி ராட்டைக்கு நியாயம் இருக்கிறது. சென்னையிலோ மதுரையிலோ உட்கார்ந்து பருத்தி நூற்க அதை வாங்குவது வீண். அதிவேக உதிரி பாகங்கள் வாங்கி மாட்டினால் பருத்தியும் நூற்கலாம் என்பார்கள். முடியும்தான். அந்த உதிரி பாகங்களின் விலைக்கு ஒரு பெட்டி ராட்டையே வந்துவிடும்.

அம்பர் ராட்டை பற்றிச் சுருக்கமாக

1929-இல் அகில இந்திய நூற்போர் சங்கம் மேம்பட்ட ராட்டை ஒன்றுக்கு ஒரு லட்சம் ரூபாய் பரிசு அறிவித்தது. குடிசையில் வைத்து ஒரு பெண் எட்டு மணி நேரம் களைப்பின்றி இயக்க வேண்டும், விலை 150 ரூபாயைத் தாண்டக் கூடாது என்பவை நிபந்தனைகளில் சில. பரிசு யாருக்கும் போகவில்லை. பின்னர் 1949 வாக்கில் தமிழ்நாட்டின் ஏகாம்பரநாதன் உருவாக்கிய பல கதிர் ராட்டைதான் அம்பர் ராட்டையாகக் கதர் உலகம் முழுவதும் பரவியது. ஆலையில் உள்ள நூற்பு இயந்திரத்தின் தத்துவத்தையே கையால் இயக்கும்படி சுருக்கியது அது. உருளைகள் பஞ்சை இழுத்துக்கொள்ளும், நீங்கள் சுற்றினால் போதும். வருமானத்துக்காக நூற்பவர்களுக்கு அது பெரிய உதவி. ஆனால் நூல் உங்கள் விரல்களுக்கிடையே உருவாகும் அனுபவம் அதில் கிடையாது. அதனால் பொழுதுபோக்குக்காக நூற்பவர்களுக்கு அதைப் பரிந்துரைக்க மாட்டேன்.

புதியதா, பழையதா, ஆசாரியிடம் சொல்லிச் செய்வதா?

உங்கள் ஊர் சர்வோதய சங்கத்தில் முதலில் விசாரியுங்கள். எல்லாச் சங்கத்திலும் ராட்டை விற்பனைக்கு இருக்காது. ஆனால் யார் செய்கிறார்கள், பட்டை எங்கே கிடைக்கும் என்று தெரிந்தவர்கள் அங்கே இருக்க வாய்ப்பு உண்டு. வார்தா பக்கம் போகிறவர்கள் மகன் சங்கிரகாலயத்துக்கு ஒரு நாள் ஒதுக்குங்கள். 1938-இல் தொடங்கிய அந்த அருங்காட்சியகத்தில் விதவிதமான ராட்டைகளைப் பக்கத்தில் நின்று பார்க்கலாம்.

பழைய சாமான் கடைகளில் கிடைக்கும் அறுபது, எழுபது வருஷத்துப் பெட்டி ராட்டைகளுக்குத் தனி ஈர்ப்பு உண்டு. மரம் நன்றாக உலர்ந்திருக்கும், இனி முறுக்கிக்கொள்ளாது. கயிறு போனாலும் ஸ்பிரிங் போனாலும் மாற்றிவிடலாம். சக்கரம் கோணியிருந்தால் விட்டுவிடுங்கள். கதிர் இல்லாமல் வந்தால், அந்த அளவுக்குக் கதிர் செய்து தரும் லேத்துக்காரர் இருக்கிறாரா என்று பார்த்துவிட்டுப் பணம் கொடுங்கள்.

தெரிந்த ஆசாரி இருந்தால் செய்யச் சொல்வது அருமையான வழி. ஆனால் படத்தைக் காட்டிச் செய்யச் சொல்லாதீர்கள். ஓடுகிற ராட்டை ஒன்றைக் கொண்டுபோய்க் காட்டி, அவரையே நாலு சுற்று சுற்றிப் பார்க்கச் சொல்லுங்கள். மரவேலை அவருக்குப் பெரிய விஷயமில்லை. சக்கரங்களின் அச்சு செங்குத்தாக நிற்பதும் இரண்டு சக்கரமும் ஒரே மட்டத்தில் ஓடுவதும்தான் சவால். மட்டம் பிசகினால் கயிறு கழன்றுகொண்டே இருக்கும். மரத்தைப் பொறுத்தவரை தேக்கு போதும். ஐப்பசி, கார்த்திகை ஈரத்தில் மற்ற மரங்கள் உப்பிப் பெட்டி மூடாமல் போகும், தேக்கு அவ்வளவாக அசையாது.

எங்கே வாங்கினாலும் கதிரைத்தான் முதலில் சோதிக்க வேண்டும். கழற்றி ஒரு கண்ணாடித் தகட்டின் மேல் உருட்டுங்கள். துள்ளினால் அது வளைந்த கதிர். வளைந்த கதிரில் நூல் ஒவ்வொரு சுற்றுக்கும் உதறும், மெல்லிய நூல் நிற்கவே நிற்காது. அடுத்து, நூல் இல்லாமல் வெறும் ராட்டையைச் சுற்றிக் காது கொடுத்துக் கேளுங்கள். சீரான ரீங்காரம் வர வேண்டும். தடக் தடக்கென்று தட்டினால் கயிற்றின் முடிச்சு பெரிதாக இருக்கலாம், அதை மாற்றிவிடலாம். சத்தம் சக்கரத்தின் நடுவிலிருந்து வந்தால் அச்சில் ஆட்டம் இருக்கிறது, அதை வாங்காதீர்கள்.

எண்ணெய் விஷயத்தில் தையல் மெஷின் எண்ணெய் ஒரு சொட்டு போதும். தேங்காய் எண்ணெய் போட்டால் நாளடைவில் பிசுக்கேறி, பஞ்சுத் தூசியோடு சேர்ந்து கதிரையே பிடித்துக்கொள்ளும்.

பட்டை இல்லாமல் ராட்டை இல்லை

ராட்டை சரியில்லை என்று வரும் புகார்களில் பெரும்பாலானவை பஞ்சைப் பற்றியவை. மருந்துக் கடைப் பஞ்சில் நூற்க முயலாதீர்கள். வெளுத்து, இழையின் இயற்கை மெழுகைப் போக்கிய பஞ்சு அது, விரலுக்குள் நழுவாது. தலையணைக்குப் போடும் இலவம் பஞ்சோ வழுவழுப்பாக இருக்கும், இழைகள் ஒன்றையொன்று பிடிக்காது. நூற்பதற்கென்று கொட்டை நீக்கி, அடித்து, உருட்டிய பருத்திப் பட்டைதான் வேண்டும். கோயம்புத்தூர், இராஜபாளையம் பக்கம் நூற்பாலையில் தெரிந்தவர் இருந்தால் அங்கே ஓடும் பஞ்சுத் திரியில் கொஞ்சம் கேட்டு வாங்கலாம். அதை நீளவாக்கில் மூன்று நான்காகப் பிரித்துக்கொண்டால் தொடக்கக்காரர்களுக்கு மிக எளிதாக நூற்க வரும்.

நூற்கும் நேரமும் முக்கியம். ஏசி அறையின் வறண்ட காற்றில் இழை பறக்கும், நூல் அடிக்கடி அறும். காலையில் காற்றில் கொஞ்சம் ஈரம் இருக்கும்போது, மின்விசிறியை நிறுத்திவிட்டு உட்கார்ந்தால் அதே பட்டை பணிந்து வரும்.

எவ்வளவு நூற்க முடியும் என்பதையும் தெரிந்துகொண்டு இறங்குவது நல்லது. 20 நம்பரில் 100 கிராம் நூல் என்றால் ஏறத்தாழ 3.4 கிலோமீட்டர். பழகிய கை மணிக்கு முந்நூறு மீட்டர் அளவில் நூற்கும் என்று வைத்துக்கொண்டால் பதினோரு மணி நேரத்துக்கு மேல் ஆகும். 200 கிராம் எடையுள்ள துண்டுக்கு இதில் இருமடங்கு. 1924 பெல்காம் காங்கிரசில், உறுப்பினர்கள் மாதம் 2000 கெஜம் நூல் தர வேண்டும் என்று முடிவு செய்தார்கள். மேலே சொன்ன வேகத்தில் அது மாதத்துக்கு ஆறு மணி நேரம். வேலைக்குப் போகிறவர்களுக்கும் இது எட்டக்கூடிய அளவு, தொடக்கத்துக்கு இதையே இலக்காக வைத்துக்கொள்ளலாம்.

நூற்ற நூலைச் சிட்டமாகச் சுற்றி, நாலு இடத்தில் தளர்வாகக் கட்டி, தண்ணீரில் கொதிக்கவைத்து உலர்த்துங்கள். முறுக்கு நிலைத்து நிற்கும், மெழுகு போய் நூல் தண்ணீரை உறிஞ்சும் தன்மை பெறும். நெசவாளரிடம் கொடுப்பதானால் முதல் முறை உங்கள் நூலைக் குறுக்கே ஓடும் ஊடைக்கு மட்டும் கொடுங்கள். பாவுக்கு ஆலை நூலே இருக்கட்டும். கைநூல் பாவில் அறுந்தால் அவருடைய நாள் வீணாகும். குரோஷா பின்னுகிறவர்கள் இரண்டு இழைகளைச் சேர்த்து, நூற்ற திசைக்கு எதிர்த் திசையில் முறுக்கிக்கொள்ள வேண்டும்.

ராட்டைக்குச் சொல்லும்போதே அதே அளவில் உபரியாக இரண்டு கதிரும், கயிறும், கால் கிலோ பட்டையும் சேர்த்துச் சொல்லிவிடுங்கள். கதிர் கீழே விழுந்தால் வளையும், பட்டை தீர்ந்தால் அடுத்த பார்சல் வரும்வரை கை சும்மா இருக்க வேண்டும்.